கூடலூர் நிலத்தைப் படிக்க ஒரு பல்கலைக்கழகம் போதுமா?

கேள்வி: குன்னூரிலிருந்து ஒரு வாசகி, 2024 மே 11

என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். எங்கள் வீட்டில் ஒரு தேயிலைத் தோட்டப் பாகப்பிரிவினை வழக்கு அவள் பிறப்பதற்கு முன்பிருந்து ஓடுகிறது. அதைப் பார்த்தே வளர்ந்ததால் நிலம் சம்பந்தமாகத்தான் படிப்பேன் என்கிறாள். வக்கீலுக்குப் படித்தால் புலப்படம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் சர்வே படம்) புரியாது, சர்வே படித்தால் பத்திரம் புரியாது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் பயமுறுத்துகிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தரும் இடம் நம் பக்கம் உண்டா? இல்லையென்றால் இரண்டு பல்கலைக்கழகங்கள் கூடி ஒரு படிப்பை நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

மே 11, இரவு

ஒன்றும் குறையாது. இரண்டு கூட அல்ல, நாலைந்து சேர வேண்டும். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் சொல்லித்தரும் இளநிலைப் படிப்பை நான் நம் பக்கம் பார்த்ததில்லை. முப்பத்தோரு வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன், பெரும்பகுதி கூடலூர், பந்தலூர் பக்கம். நாளை விரிவாக எழுதுகிறேன். இ-பாஸ் வந்ததிலிருந்து ஊருக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான்தான் போனில் பதிவு செய்து கொடுக்கிறேன், இன்று நேரம் அதிலேயே போய்விட்டது.

மே 12

நம் ஊரில் படிப்பு எப்படிப் பிரிந்தது என்று முதலில் பார்க்கலாம். 1794-இல் புனித ஜார்ஜ் கோட்டையில் எட்டுப் பையன்களை வைத்து ஒரு சர்வே பள்ளி தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து இன்றைக்குக் கிண்டி பொறியியல் கல்லூரி. அதாவது தென்னிந்தியாவின் பொறியியல் படிப்பே நில அளவையிலிருந்து முளைத்தது. 1802 ஏப்ரல் 10 அன்று லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோட்டை, அளக்க ஆரம்பித்தார். இவ்வளவு பழைய மரபு நம்முடையது.

இன்று என்ன நிலைமை? அளவை அண்ணா பல்கலைக்கழகத்தில். சட்டம், 1997-இல் வந்த டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில். மண்ணும் பயிரும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில். பட்டா, சிட்டா, அடங்கல், ஜமாபந்தி எல்லாம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை, வேலையில் சேர்ந்த பிறகு துறைக்குள்ளே கற்றுக்கொள்வது. ஒரே சர்வே எண்ணை நாலு பேர் நாலு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். வழக்கு என்று வந்தால்தான் நாலு பேரும் முதல்முறையாகச் சந்திக்கிறோம், அதுவும் எதிரெதிர்க் கட்சியாக.

மே 15

"பொதுவாகப் பேசாதீர்கள், நீலகிரிக்கு மட்டும் என்ன விசேஷம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடலூரைச் சொல்கிறேன்.

கூடலூரும் பந்தலூரும் 1877 வரை மலபார் மாவட்டத்து வயநாட்டில் இருந்தவை. தென்கிழக்கு வயநாடு என்று பெயர். அந்த ஆண்டுதான் நீலகிரியோடு சேர்த்தார்கள். மாவட்டம் மாறியது, நிலத்தின் சுபாவம் மாறவில்லை. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்மி (பரம்பரை நில உடைமை) நிலம், அதன் கீழ் காணம் (முன்பணம் கொடுத்துப் பெறும் குத்தகை), வெறும்பாட்டம் (சாதாரணக் குத்தகை), எஸ்டேட் குத்தகை என்று மலபார் வழக்கமே தொடர்ந்தது. 1969-இல் தமிழ்நாடு அரசு கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1972-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், 1974 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் தொட்டது சுமார் 80,000 ஏக்கர். அதில் எஸ்டேட் குத்தகை நிலங்களுக்கான 17-வது பிரிவு இன்றுவரை தீராத முடிச்சு. "செக்சன் 17 நிலம்" என்று சொன்னால் கூடலூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பட்டா கிடையாது, அதனால் மின் இணைப்புக்கு அலைச்சல், பேங்க் கடன் கிடையாது.

1995-இல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கும் இதே கூடலூர்க் காடுகளைப் பற்றித்தான் தொடங்கியது. 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், உரிமையாளர் யாராக இருந்தாலும் அகராதிப் பொருளில் காடு என்பது காடுதான் என்றது. இந்தியா முழுக்க வனச் சட்டத்தைத் திருப்பிப்போட்ட தீர்ப்பு நம் மலையிலிருந்து போனது.

இப்போது சொல்லுங்கள். இந்த நிலத்தில் ஒரு துண்டைப் புரிந்துகொள்ள எவ்வளவு வேண்டும்? மலபார் குடிவாரச் சொற்கள் வேண்டும். பழைய ஆதாரங்களைப் படிக்க மலையாளம் வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டம், வனச் சட்டம், அளவை எல்லாம் வேண்டும். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையும் நம் சட்டக் கல்லூரியும் சேராமல் இதை யாரும் முழுதாகப் படித்துவிட முடியாது. 1956-இல் கேரளத்துக்கும் நமக்கும் நடுவே மாநிலக் கோடு போட்டார்கள், பத்திரங்கள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கிடக்கின்றன.

மே 16

ஒரு திருத்தம். பழைய ஆவணங்கள் எல்லாமே மலையாளத்தில் என்று படுகிற மாதிரி நேற்று எழுதிவிட்டேன். எஸ்டேட் குத்தகைப் பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். குடியானவர்களின் பழைய சீட்டுகளில்தான் மலையாளம். என் கையில் வந்தவற்றில் தமிழும் மலையாளமும் ஒரே தாளில் கலந்தவையும் உண்டு.

மே 19

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி: "ஐயா, எங்கள் தோட்டம் பட்டாவில் ஒரு ஏக்கர். நாங்கள் டேப் போட்டு அளந்தால் 115 சென்ட் வருகிறது. சர்க்கார் 15 சென்டைத் தின்றுவிட்டதா?"

இல்லை தம்பி. இந்த ஒரு கணக்கு புரியாமல் மலையில் எத்தனை குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது தெரியுமா? புலப்படத்தில் இருப்பது கிடைமட்ட அளவு. மேலிருந்து சூரியன் உச்சியில் நிற்கும்போது விழும் நிழல் மாதிரி. நீங்கள் டேப்பைச் செடிகளோடு சரிவில் படுக்கப் போடுகிறீர்கள். சரிவு 30 பாகை இருந்தால் தரையில் 100 மீட்டர், கிடைமட்டத்தில் 86.6 மீட்டர்தான். ஒரு ஏக்கர் பட்டா தரைமேல் 115 சென்டாக விரியும். 20 பாகை என்றால் 106 சென்ட்.

என்னோடு வேலை பார்த்த செயின்மேன் (அளவைச் சங்கிலி பிடிப்பவர்) ஒருவர் சொல்வார்: "சரிவுல அளந்தா பத்துப் பதினஞ்சு சென்ட் சும்மா கிடைக்கும் சாமி, என்ன, அதுல நிக்கத்தான் முடியாது."

மே 20

நீளம், அகலம் இரண்டும் விரியுமே, அப்படியானால் 133 சென்ட் அல்லவா என்று வேறொருவர் கணக்குப் போட்டிருக்கிறார். இல்லை. சரிவு ஓடும் திசையில் மட்டும்தான் நீளும். குறுக்கே, அதாவது படி ஓடும் திசையில், தரையே மட்டம்தானே. ஒரு தடவைதான் பெருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். நிலம் அளக்கும் பழைய சங்கிலி 66 அடி, 100 லிங்க் (கண்ணி). மீட்டரில் 20.12. பின்னால் வந்த மெட்ரிக் சங்கிலி சரியாக 20 மீட்டர். பழைய அளவை எடுத்து இரண்டும் ஒன்றுதானே என்று போட்டால் பத்துச் சங்கிலி தூரத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் காணாமல் போகும். ஒரு மீட்டர் என்பது குன்னூர் டவுனில் ஒரு கடை வாசல்.

மே 26

"வெளிநாட்டில் யாராவது இப்படிச் சேர்ந்து நடத்துகிறார்களா?"

நடத்துகிறார்கள். நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. நெதர்லாந்தில் ஐ.டி.சி. என்று ஒரு நிறுவனம், 1950-இல் டெல்ஃப்ட் நகரில் தொடங்கியது. வான்படத்திலிருந்து நிலத்தைப் படிக்க வளரும் நாட்டு ஆட்களுக்குச் சொல்லித்தருவது வேலை. அதன் கூட்டோடுதான் 1966-இல் டேராடூனில் இந்திய வான்பட விளக்க நிறுவனம் வந்தது. அதுவே இன்றைய இந்தியத் தொலையுணர்வு நிறுவனம். 2002 முதல் இருவரும் சேர்ந்து கூட்டு முதுநிலைப் படிப்பும் நடத்தினார்கள். ஆனால் அங்கே எல்லாம் படத்தின் பக்கம். பட்டாவின் பக்கம் யாரும் வரவில்லை.

ஆப்பிரிக்காவில் அந்தக் குறையை உணர்ந்திருக்கிறார்கள். நெல்கா என்று ஒரு பல்கலைக்கழக வலையமைப்பு. தான்சானியாவின் அர்தி பல்கலைக்கழகம், கானாவின் குமாசி, நமீபியா, மொராக்கோ என்று கண்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பல்கலைக்கழகம் மையம். பாடத்திட்டத்தையே சேர்ந்து உட்கார்ந்து சரிபார்க்கிறார்கள். எத்தியோப்பியாவின் பஹிர் தார் பல்கலைக்கழகத்தில் நில நிர்வாகத்துக்கென்றே தனி நிறுவனம், தனிப் பட்டம். அதுவும் மேட்டு நிலம்தான், சரிவில் பயிர் செய்யும் ஊர்கள்தான். குன்னூர் அம்மா, உங்கள் மகள் ஒருநாள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

மே 27

ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் நிலத்தை எப்படிப் பதிவு செய்தார்கள் என்று கேட்டவருக்கு. 2009-இல் ஆரம்பித்து நாலைந்து வருடத்தில் ஒரு கோடிக்கும் அதிகமான துண்டுகளைப் பதிவு செய்தார்கள். வான்படத்தை அச்சடித்து ஊருக்குள் கொண்டுபோய், பக்கத்து நிலத்துக்காரரையும் நிறுத்தி, இருவரும் ஒத்துக்கொண்ட இடத்தில் பேனாவால் கோடு. கோடு போட்டவர்கள் அந்தந்த ஊரில் பயிற்சி பெற்ற இளைஞர்கள். மலைகள் சூழ்ந்த நாடு அது.

எழுதிவிட்டு இரவெல்லாம் யோசித்தேன். இந்த வேகம் நமக்கும் வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அது தோராயமான பொது எல்லை, சென்டிமீட்டர் எல்லை அல்ல. குன்னூர் டவுனில் ஒரு மீட்டர் கடை வாசல் என்று நானே மே 20 அன்று எழுதியிருக்கிறேன். டவுனுக்கு அது ஆகாது. பந்தலூரில் ஒரு பணியர் பாடிக்கு (பணியர் பழங்குடிக் குடியிருப்புக்கு) அது போதும், போதும் என்பதைவிட அதுதான் சரி. எந்த இடத்துக்கு எவ்வளவு துல்லியம் என்று முடிவெடுக்கக் கற்றுத்தருவதே இந்தப் படிப்பின் உயிராக இருக்க வேண்டும். 2014-இல் உலக நில அளவையாளர் கூட்டமைப்பும் உலக வங்கியும் சேர்ந்து வெளியிட்ட கையேடும் இதைத்தான் சொல்கிறது. அந்தக் கூட்டமைப்பு 1878-இல் பாரிஸில் தொடங்கியது. அதன் இரண்டாவது ஆணையமே தொழில்கல்விக்கானது.

ஜூன் 2

"நம் பக்கம் முயன்று பார்க்கவில்லையா?" பார்த்தோம். ஓய்வு பெற்ற வருடம் இரண்டு கல்லூரிகள் ஒப்பந்தம் போட்டன. பெயர் வேண்டாம். மேடையில் எனக்கும் ஒரு பொன்னாடை. கோப்பைக் கை மாற்றிக்கொண்டு படம் எடுத்தார்கள். அதன்பிறகு ஒரு மாணவர்கூட இங்கிருந்து அங்கே போகவில்லை. ஒரு கல்லூரியில் செமஸ்டர், இன்னொன்றில் வேறு கால அட்டவணை. வருகைப் பதிவு யார் கணக்கில்? மார்க் யார் போடுவது? பஸ் செலவு யார் தலையில்? இந்த மூன்று கேள்விக்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிறது, ஏனென்றால் பிள்ளைகள் தயாராக இருந்தார்கள்.

ஜூன் 9

ஒப்பந்தம் இல்லாமல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2018 பிப்ரவரி, பந்தலூர் வட்டத்தில் ஒரு ஊர், நாலு நாள். சட்டம் படிக்கும் மூன்று பிள்ளைகள், புவித்தகவலியல் படிக்கும் நாலு பேர், ஊட்டி அரசுக் கல்லூரியில் வரலாறு படிக்கும் ஒரு பெண். எல்லாரும் தெரிந்தவர்கள் வழியாகச் சொந்தச் செலவில் வந்தவர்கள். ஒரு குடும்பம் தங்கள் நிலத்தைக் காட்டச் சம்மதித்தது.

முதல் நாள் புவித்தகவலியல் பையன்கள் டி.ஜி.பி.எஸ். கருவியோடு (செயற்கைக்கோள் வழியாக இடத்தைக் கணிப்பது) இறங்கினார்கள். சில்வர் ஓக் நிழலுக்குள் போனதும் கருவிக்கு ஃபிக்ஸ் (துல்லியமான நிலை) வரவில்லை, ஃப்ளோட்டிலேயே (தோராய நிலையிலேயே) நின்றது. அரை மணி நேரம் கம்பத்தைப் பிடித்தபடி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பழைய டேப்பையும் தூக்குக் குண்டையும் எடுத்தேன். சரிவில் டேப்பை மட்டமாக இழுத்துப் பிடித்து, முனையிலிருந்து நூலில் குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் முளை அடித்து, அங்கிருந்து அடுத்த படி. அப்படியே படிப்படியாக இறங்க வேண்டும். குண்டைப் பிடித்தது ஒரு சட்டக் கல்லூரிப் பெண். காற்றில் நூல் ஆடியது. ஆட்டம் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் குண்டுக்குக் கீழே குவித்துக் காற்றுக்கு மறைப்புக் கட்டினாள். யாரும் சொல்லித்தரவில்லை. "ஐயா, கோர்ட்ல அளவுன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடுறாங்க, அந்த ஒரு வரி இதுதானா?" என்றாள்.

இரண்டாம் நாள் அவள் முறை. பத்திரத்தை விரித்து செக்குபந்தியை, அதாவது நாலு பக்க எல்லை விவரத்தை, படித்தாள். வடக்கே ஓடை, கிழக்கே பலா மரம், தெற்கே எஸ்டேட் வேலி. அளவும் எல்லையும் மோதினால் எல்லைதான் நிற்கும் என்று அவள் சொன்னபோது பையன்கள் திகைத்துவிட்டார்கள். அவர்கள் படித்ததில் எண்தான் கடவுள். பலா மரத்தைத் தேடினோம், இல்லை. பக்கத்துப் பாடியிலிருந்து ஒரு பணியர் பாட்டியம்மாவைக் கூட்டி வந்தார்கள். அவர் ஒரு இடத்தில் காலால் மண்ணைக் கிளறி, மக்கிய வேர் ஒன்றைக் காட்டினார். வரலாறு படிக்கும் பெண் மட்டும்தான் அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். மற்றவர்கள் போட்டோ எடுத்தார்கள்.

அந்த வேரை வைத்துக் கோடு இழுத்தபோது புலப்படத்தில் அந்தப் பக்கத்து ஆஃப்செட் (கோட்டிலிருந்து பக்கவாட்டில் எடுக்கும் அளவு) ஏன் விநோதமாக வளைந்திருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. மரத்தைச் சுற்றி அளந்திருக்கிறார்கள். அந்த வளைவை எழுத்துப் பிழை என்று நினைத்துக்கொண்டு பலமுறை தாண்டிப் போயிருக்கிறேன்.

பாட்டியம்மாவுக்கு அந்த ஊரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. எங்கள் எட்டுப் பேர் பாடத்திட்டத்திலும் அவருக்கு இடம் கிடையாது.

ஜூன் 10

நேற்றைய கடைசி வரிகளைப் பிடித்துக்கொண்டு பலர் எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன் குடியிருந்த பழங்குடிக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை, கணவன் மனைவி இருவர் பெயரிலும், வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. கிராம சபைதான் தொடக்கம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பேரும் வாழும் மாவட்டம் இது. இந்தச் சட்டத்தைச் சட்டக் கல்லூரியில் படிக்கிறார்கள். மனுவோடு வைக்க வேண்டிய வரைபடத்தை யார் வரைவது? அதைத்தான் கேட்கிறேன்.

ஜூன் 16

பாடத்திட்டம் என்று ஒன்று இருந்தால் நடுவில் எதை வைப்பேன் என்று கேட்டீர்கள். 2012-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 19152 தரத்தை வைப்பேன். பெயர் பயமுறுத்தும், விஷயம் எளிது. யார், எந்த இடம், இரண்டுக்கும் நடுவே என்ன. அந்த நடுவில் இருப்பதை உரிமை, கட்டுப்பாடு, பொறுப்பு என்று பிரிக்கிறது. நம் பட்டாவை எடுத்துப் பாருங்கள், உரிமை மட்டும்தான் எழுதியிருக்கும். அதே நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி குழு அனுமதி வேண்டும், அது பட்டாவில் இல்லை. வீடு கட்ட ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி வேண்டும், அதுவும் இல்லை. சமவெளியிலிருந்து வந்து சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கியவர்கள் பிறகு அழுதுகொண்டு வருவார்கள். காகிதம் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறது.

ஜூன் 30

கூடலூரில் மழை பிடித்துவிட்டது. இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. பதில் தாமதம்.

ஆகஸ்ட் 4

எழுத மனம் வரவில்லை. ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் மண்சரிவு. இங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம். பந்தலூரில் நிறையப் பேருக்கு அங்கே சொந்தம், வேலை. எஸ்டேட் பாடியில் குடியிருந்தவர்களுக்கு வீட்டைத் தம் பெயரில் காட்ட ஒரு தாள்கூட இருந்திருக்காது.

ஆகஸ்ட் 6

மனசு ஆறாமல் மறுபடி வருகிறேன். ஊரே போன இடத்தில் நிலம் யாருடையது, எல்லை எங்கே என்று ஒருநாள் கேட்டே ஆக வேண்டும். கல் போய்விட்டது, ஓடை இடம் மாறிவிட்டது, செக்குபந்தியில் வடக்கே ஓடை என்று எழுதியிருக்கிறது. ஓடையைப் பின்தொடர்வதா, பழைய ஆயத்தொலைவையா (வரைபடத்தில் எண்ணால் குறித்த இடத்தையா)? மே மாதம் எல்லைதான் நிற்கும் என்ற பாடத்தை அவ்வளவு உறுதியாகப் பாராட்டி எழுதினேனே, அது நிற்கிற மண்ணுக்குப் பொருந்தும்.

தவறு, அது ஜூன் 9 குறிப்பு. மே அல்ல.

நியூசிலாந்தில் 2010, 2011 நிலநடுக்கங்களுக்குப் பிறகு கேன்டர்பரி பகுதிக்கு 2016-இல் தனிச் சட்டமே போட்டார்கள். பூமி நகர்ந்தால் எல்லையும் அதோடு நகர்ந்ததாகக் கொள்ளலாம், ஆனால் மண்சரிவுக்கு அது பொருந்தாது என்று பிரித்தார்கள். புவியியலாளர், அளவையாளர், சட்டம் எழுதுபவர் மூவரும் ஒரே மேசையில் உட்காராமல் அந்த ஒரு விதிவிலக்கு பிறந்திருக்காது. நமக்கு அந்த மேசை வேண்டும். வயநாடு, கூடலூர் இரண்டுக்கும் ஒரே மேசை, ஏனென்றால் மழைக்கு 1877-உம் தெரியாது, 1956-உம் தெரியாது.

ஆகஸ்ட் 11

குன்னூர் அம்மா எழுதியிருக்கிறார்கள். மகளுக்கு ஐந்து வருடச் சட்டப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. ரொம்பச் சந்தோஷம். புவித்தகவலியல் படிக்கும் தோழி ஒருத்தியும் கூட வருகிறாளாம். மழை விட்டதும் வாருங்கள். டிசம்பர் விடுமுறை சரியாக இருக்கும், தரை காய்ந்திருக்கும், எல்லைக் கல் புல்லுக்குள் தெரியும்.

வழக்கு நடக்கிற உங்கள் தோட்டத்திலேயே ஆரம்பிக்கலாம் என்று கேட்டீர்கள். வேண்டாம் அம்மா. முதல் நிலம் யாருக்கும் கோபமில்லாத நிலமாக இருக்கட்டும், இரண்டு பிள்ளைகளும் நிதானமாகத் தப்பு செய்து கற்கட்டும். 2018-இல் நிலத்தைக் காட்டிய குடும்பத்திடம் பேசிவிட்டேன், சரி என்றார்கள். பாட்டியம்மா நன்றாக இருக்கிறார்.

பத்திர நகல், அ-பதிவேட்டு (கிராம நிலக் கணக்கு) நகல், புலப்படம் மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். 30 மீட்டர் டேப் என்னிடம் இருக்கிறது. தூக்குக் குண்டு ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று மேஸ்திரி சாமான் கடையில் கிடைக்கும். ரப்பர் பூட்ஸ் கட்டாயம். அட்டைக்கு ஒரு துணியில் உப்பு முடிந்து கொண்டுவரட்டும். மலையாளம் படிக்கத் தெரிந்த யாராவது அவர்கள் வகுப்பில் இருந்தால் அந்தப் பிள்ளையையும் கூட்டி வரட்டும், சாப்பாடு எங்கள் வீட்டில்.